எல்லைப்புற ஊரும் அறியப்படாத காவலும்: டோல்கீன் புனைவில் பிரீ என்னும் வேளாண் வணிகச் சிற்றூர்

ஆய்வுச் சுருக்கம்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ புதினத்தில் இடம்பெறும் பிரீ, வடபுலத்தின் ஆளற்ற நிலங்களுக்கு நடுவே அமைந்த வேளாண் வணிகச் சிற்றூராகும். வயலாலும் வழிப்போக்கராலும் வாழும் இவ்வூரின் பொருளியல் விவரங்கள் கதையின் பின்னணியாக மட்டும் நிற்பதில்லை. கதையின் முக்கியத் திருப்பங்களுக்கும் அதன் அறக்கேள்விக்கும் அவை காரணமாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எல்லைப்புற ஊர் ஒன்றின் அமைதிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே அக்கேள்வி.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, டோல்கீன், பிரீ, எல்லைப்புற ஊர், வணிகப்பாதை, விடுதி, அந்நியர், காவல்

முன்னுரை

மிகுபுனைவு இலக்கியத்தில் சிற்றூர்கள் பெரும்பாலும் தங்குமிடங்களாகவே வருகின்றன. வீரன் ஓர் ஊருக்கு வருகிறான், விடுதியில் உண்கிறான், செய்தி ஒன்றைக் கேட்கிறான், மறுநாள் புறப்படுகிறான். அவன் உண்ட உணவு எந்த வயலில் விளைந்தது, விடுதிக்காரர் எதை விற்று வாழ்கிறார், அவன் சென்றபின் அவ்வூர் என்ன ஆயிற்று ஆகியவை பெரும்பாலான புனைவுகளில் கேட்கப்படுவதில்லை.

இவ்வகை ஊர்களுக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கருதத்தக்க பிரீயில் இக்கேள்விகளுக்கு விடை உண்டு. மூன்று பகுதிகளாக 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ புதினத்தில் பிரீ இருமுறை இடம்பெறுகிறது. முதற்பகுதியில் ஃப்ரோடோவும் அவன் தோழர்களும் தம் பயணத்தின் தொடக்கத்தில் அங்குத் தங்குகின்றனர். இறுதிப்பகுதியில் போர் முடிந்து வீடு திரும்பும் வழியில் மீண்டும் அவ்வூரைக் காண்கின்றனர். இவ்விரு வருகைகளுக்கும் இடையே ஓராண்டுக்குச் சற்று மிகுதியான காலம் கழிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் ஊருக்கு நேர்ந்தவற்றை ஒப்பிட்டுக் காணும்போதுதான் பிரீயின் முழுப்பொருளும் விளங்குகிறது. நிலத்தையும் தொழிலையும் மாந்தர் ஒழுக்கத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக் காணும் திணைக் கோட்பாட்டில் பழகிய வாசகர்க்கு இவ்வகை வாசிப்பு புதியதன்று.

1. மிகுபுனைவும் நம்பகத்தன்மையும்

டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் குறித்துச் சொற்பொழிவு ஒன்றை ஆற்றினார். அது விரிவாக்கப்பட்டு 1947இல் கட்டுரையாக வெளிவந்தது. கதாசிரியன் படைக்கும் உலகத்தை அவர் அதில் இரண்டாம் நிலை உலகம் என்கிறார். பச்சை நிறச் சூரியன் என்று சொல்லிவிடுவது யார்க்கும் எளிது. அந்தச் சூரியன் ஒளிரும் உலகத்தை வாசகர் நம்பும்படி அமைப்பதற்கே உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். மிகுபுனைவு இயல்புலகின் விதிகளை மீறலாம். ஆனால் தனக்குள் முரண்படுதல் கூடாது.

இக்கொள்கையைப் பொருளியலுக்கும் அவர் பொருத்தினார். எழுத்தாளர் நவோமி மிட்சிசனுக்கு 1954ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதிய மடலில், தம் உலகத்தின் பொருளியல் குறித்துத் தாம் எண்ணிப் பாராமல் இல்லை என்று விளக்குகிறார். கோண்டோர் நாட்டுக்கு விளைநிலங்களும் நீர்வழியும் சாலையும் உண்டு என்பதையும், ஷயர் நாட்டின் வளத்துக்கு அதன் நில அமைப்பு காரணம் என்பதையும் சான்றாகக் காட்டுகிறார். அதே ஆண்டு ஏப்ரலில் அவருக்கே எழுதிய மற்றொரு மடலில், முதலில் நிலப்படத்தை வரைந்துகொண்டு கதையை அதற்குப் பொருத்தியதாகவும் குறிப்பிடுகிறார்.

டோல்கீனின் மாந்தர் உண்பதும் பாடுவதும் போரிடுவதும் உண்டு, உழைத்து ஈட்டுவது காணப்படவில்லை என்னும் குறை கூறப்படுவதுண்டு. பிரீயைப் பொறுத்தவரை இக்குறை பொருந்தாது. அங்கு நாணயம் கைமாறுகிறது, பொருளின் விலை ஏறுகிறது, சரக்குத் தட்டுப்பாடு வருகிறது, வணிகம் வீழ்கிறது.

2. நில அமைப்பும் குடியிருப்பும்

பிரீ ஒரு குன்றின் அடிவாரத்தில் அமைந்தது. மனிதர்க்கு உரியனவாக அங்கு ஏறத்தாழ நூறு கல்வீடுகள் உள்ளன. அவை பெரும்பாலும் சாலைக்கு மேற்புறம், குன்றின் சரிவில், மேற்கு நோக்கிய சாளரங்களுடன் காணப்படுகின்றன. குன்றிலிருந்து தொடங்கி அரைவட்டத்துக்கும் மிகுதியாக ஊரைச் சுற்றிவந்து மீண்டும் குன்றையே அடையும் ஆழமான அகழியும், அதன் உட்புறம் அடர்ந்த வேலியும் ஊருக்கு அரணாகின்றன. சாலை அகழியைக் கடந்து உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பெரிய கதவுகள் உண்டு. அவை இருள் சூழ்ந்ததும் மூடப்படும். கதவுகளின் உட்புறத்தில் காவலர் குடில்கள் உள்ளன.

பிரீயைத் தவிர ஸ்டாடில், கூம், ஆர்ச்செட் என மேலும் மூன்று சிற்றூர்கள் அருகில் உள்ளன. இந்நான்கு ஊர்களையும் சூழ்ந்து வயல்களும் பண்படுத்தப்பட்ட காடும் சில மைல் அகலத்துக்கு மட்டுமே பரவியிருக்கின்றன. அதற்கு அப்பால் ஆளற்ற நிலம். கடலால் சூழப்பட்ட தீவைப் போல வெற்றுநிலத்தால் சூழப்பட்ட வேளாண் நிலமாகப் பிரீ காட்டப்படுகிறது.

ஊர்ப்பெயர்களும் குடிப்பெயர்களும் இந்நில இயல்பையே உணர்த்துகின்றன. பிரீ என்பது குன்றையும், அருகிலுள்ள செட்வுட் காட்டின் பெயரில் வரும் செட் என்பது காட்டையும் குறிக்கும் கெல்டிய வேர்ச்சொற்கள். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பிரில் என்னும் ஊரின் பெயரிலும் இதே வேர்ச்சொல் இருப்பதை ஆய்வாளர் சுட்டுவர். மொழியியல் பேராசிரியராகிய டோல்கீன், பிரீ மக்களைச் சுற்றியுள்ளோரினும் தொன்மையான குடிகளாகக் காட்ட விரும்பினார். அதற்கேற்பவே ஆங்கிலத்துக்கு முந்தைய மொழியின் சாயலை அவர்தம் ஊர்ப்பெயர்களில் அமைத்தார். பட்டர்பர், ஃபெர்னி, மக்வொர்ட், திசில்வுல் முதலிய குடிப்பெயர்கள் செடிகொடிகளைத் தழுவியவை. விடுதிக்காரரின் முதற்பெயராகிய பார்லிமன், மது வடிக்கப் பயன்படும் வாற்கோதுமையை நினைவூட்டுகிறது.

மனிதரும் ஹாபிட்டுகளும் ஒரே ஊரில் கலந்து வாழ்வது பிரீயின் தனிச்சிறப்பு. ஹாபிட்டுகள் குன்றின் மேற்சரிவுகளிலும், பெருமளவில் ஸ்டாடிலிலும் குடியிருக்கின்றனர். இரு சாராரும் தத்தம் வழியில் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு, தாமே இவ்வூரின் இன்றியமையாப் பகுதியினர் என்று கருதுகின்றனர். வேற்றுமையை ஏற்று வாழத் தெரிந்த ஊராகப் பிரீ அறிமுகமாகிறது. பின்னர் எழும் கேள்வியின் கூர்மையை உணர இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

3. பாதைகளின் வரலாறு

பிரீயின் வாழ்வு வயலால் மட்டும் அமைந்ததன்று. கிழக்குமேற்காகச் செல்லும் பெருவழியும் தெற்குவடக்காகச் செல்லும் பழைய அரசவழியும் ஊரின் மேற்கு எல்லையில், அகழிக்கு வெளியே, சந்திக்கின்றன. இச்சந்திப்பே ஊரின் செல்வம்.

புதினத்தின் பின்னிணைப்புகளில் உள்ள கால வரிசையைக் கொண்டு இப்பாதைகளின் கதையைத் தொகுக்கலாம். வடபுலத்தில் ஆர்னோர் என்னும் பேரரசு இருந்தது. மூன்றாம் யுகம் 861இல் அது மூன்றாகப் பிரிந்தது. ஏறத்தாழ 1300இல் ஹாபிட்டுகள் மேற்கு நோக்கிப் பெயர்ந்து, பலர் பிரீயில் குடியேறினர். 1601இல் பிரீயிலிருந்து புறப்பட்ட ஹாபிட்டுகளே மேற்கே சென்று ஷயர் நாட்டை உருவாக்கினர். 1974இல் வடக்கேயுள்ள ஃபோர்னோஸ்ட் தலைநகர் ஆங்மார் படையிடம் வீழ்ந்தது. அதனோடு வட அரசு முடிவுற்றது. 2912இல் பெருவெள்ளத்தால் தெற்குப் பாதையில் இருந்த தார்பாட் நகரமும் பாழடைந்து கைவிடப்பட்டது.

இவ்வாறு, வடக்கே தலைநகர் இல்லை. தெற்கே ஆற்றைக் கடக்கும் நகரும் இல்லை. இரு முனைகளும் அழிந்தபின் இடையிலுள்ள சாலைக்கு என்ன வேலை? புல் முளைத்தது. பிரீ மக்கள் அவ்வரசவழியைப் பசும்பாதை என்னும் பொருளில் ‘கிரீன்வே’ என்று அழைக்கத் தொடங்கினர். ஓர் அரசின் வீழ்ச்சியை டோல்கீன் இங்குப் போர்க்கள வருணனையால் அன்றி, சாலையின் பெயர்மாற்றத்தால் உணர்த்துகிறார். அழகிய பெயராகத் தோன்றும் அது உண்மையில் வணிகம் நின்றுபோனதன் பதிவு.

ஃப்ரோடோ பிரீக்கு வரும் 3018இல், வட அரசு மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. எனவே பிரீயை எல்லைப்புற ஊர் என்று சொல்லும்போது, வரைகோட்டுக்கு அருகிலுள்ள ஊர் என்று பொருள்கொள்ள இயலாது. எல்லையை வகுத்த அரசே மறைந்துபோய், அதன் விளிம்பில் எஞ்சிய ஊர் அது. அரசர்களுக்கு முன்பும் தாம் இருந்ததாகவும், அவர்களுக்குப் பின்பும் இருப்பதாகவும் பிரீ மக்கள் பெருமை கொள்கின்றனர். தமக்கு எவர் காவலும் தேவையில்லை என்னும் அவர்தம் உறுதியின் ஊற்று இப்பெருமையே.

4. விடுதி என்னும் வணிக நடுவம்

ஊரின் நடுவே, சாலை குன்றின் அடியைச் சுற்றி வளையுமிடத்தில், ‘பிரான்சிங் போனி’ என்னும் விடுதி உள்ளது. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கொழுத்த வெண்ணிற மட்டக்குதிரையின் உருவம் அதன் பெயர்ப்பலகையில் தீட்டப்பட்டிருக்கிறது. மூன்று அடுக்குகளும் இரு பக்கக் கட்டடங்களும் நடுமுற்றமும் கொண்ட பெரிய கட்டடம் அது. ஹாபிட்டுகளின் உயரத்துக்கேற்ப அமைக்கப்பட்ட அறைகளும் அங்கு உண்டு.

நூறு வீடுகள் கொண்ட ஊருக்கு இவ்வளவு பெரிய விடுதி எதற்கு என்ற வினா எழும். சாலைப் போக்குவரத்து மிகுந்திருந்த காலத்தில் அது கட்டப்பட்டது என்பது டோல்கீன் தரும் விடை. ஊரின் இன்றைய அளவுக்கும் விடுதியின் அளவுக்கும் உள்ள பொருத்தமின்மையே ஊரின் பழைய வளத்துக்குச் சான்றாகிறது. இப்போது அங்கு வருவோர் உள்ளூர்க்காரர், கிழக்குப் பெருவழியில் செல்லும் குள்ளர் இனத்தார், சில நாடோடிகள் ஆகியோரே.

வணிகப் பொருள்களுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கது சுங்கானில் இட்டுப் புகைக்கும் இலை. ஷயரில் இதனை முதலில் பயிரிட்டவர் டோபோல்ட் ஹார்ன்பிளோவர் என்று புதினத்தின் முகவுரை கூறுகிறது. ஆனால் புகைக்கும் பழக்கத்துக்குத் தாமே முன்னோடிகள் என்பது பிரீ ஹாபிட்டுகளின் உரிமைக்கூற்று. பிரீ குன்றின் தென்சரிவில் அவ்விலை விளைகிறது. சாலைச் சந்திப்பின் வழியே சென்ற குள்ளர் இனத்தாரும் மந்திரவாதிகளும் நாடோடிகளும் இவ்விடுதியில்தான் அப்பழக்கத்தைக் கற்றனர் என்று முகவுரை கருதுகிறது. ஒரு பயிர், அது விளையும் சரிவு, அது விலைபோகும் விடுதி, அது பரவும் சாலை என்னும் தொடர்பு இங்கு முழுமையாக அமைந்துள்ளது.

விலைகளும் துல்லியமாகக் கூறப்படுகின்றன. விடுதியில் தங்கிய இரவில் ஃப்ரோடோ குழுவினரின் மட்டக்குதிரைகள் லாயத்திலிருந்து விரட்டப்படுகின்றன. ஊரெங்கும் தேடியும் பில் ஃபெர்னி என்பவனிடம் உள்ள மெலிந்த மட்டக்குதிரை ஒன்றே விலைக்குக் கிடைக்கிறது. அவன் கேட்கும் விலை 12 வெள்ளிக்காசு; அது அதன் உண்மை மதிப்பைப் போல் மூன்று மடங்கு. விடுதிக்காரர் பட்டர்பர் அத்தொகையைத் தாமே செலுத்துகிறார். இழந்த விலங்குகளுக்கு ஈடாக மேலும் 18 காசு தருகிறார். ஊரளவில் செல்வர் எனினும் 30 காசு இழப்பு அவருக்குப் பேரடியாகிறது. தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி விலை ஏற்றுபவனும், தன் கூரையின்கீழ் நேர்ந்த இழப்புக்குத் தானே பொறுப்பேற்பவரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். இருவரின் குணமும் வணிகச் செயல்வழியே புலப்படுகிறது.

5. சேராத மடல்

பிரீயின் பொருளியல் நிலை கதையின் போக்கையே மாற்றிய இடம் ஒன்று உண்டு. காண்டால்ஃப், ஃப்ரோடோவை ஜூலை முடிவுக்குள் ஷயரை விட்டுப் புறப்படுமாறு எச்சரித்து மடல் எழுதி, அதனை உடனே சேர்ப்பிக்குமாறு பட்டர்பரிடம் ஒப்படைக்கிறார். மடல் சேரவில்லை. ஃப்ரோடோ செப்டம்பர் இறுதியில், கறுப்புக் குதிரைவீரர் ஷயருக்குள் நுழைந்தபின், புறப்படுகிறான். பின்வரும் இடர்கள் பலவும் இத்தாமதத்தால் விளைந்தவை.

இதனைப் பட்டர்பரின் மறதி என்று மட்டும் வாசிப்பதே வழக்கம். அவர் தரும் விளக்கத்தை ஊன்றிக் கவனித்தால் மற்றொரு காரணமும் தெரியவருகிறது. மறுநாள் ஷயருக்குப் போவார் எவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கிடைக்கவில்லை. தம் வேலையாட்களை அனுப்பவும் இயலவில்லை. அதன்பின் அன்றாட அலுவல்களில் மடல் மறந்துபோயிற்று. பிரீயிலிருந்து ஷயரின் எல்லையாகிய பிராண்டிவைன் பாலம் ஒருநாள் குதிரைப் பயணத் தொலைவே. அவ்வளவு அருகில் இருந்தும் இரு நிலங்களுக்கும் இடையே போக்குவரத்து அருகிவிட்டது. ஷயர் ஹாபிட்டுகள் பிரீ ஹாபிட்டுகளை நாகரிகம் குறைந்த வெளியாராகக் கருதத் தொடங்கிவிட்டனர்.

பழைய காலத்தில் அந்த மடலை ஏதேனும் ஒரு வணிக வண்டி அன்றே கொண்டு சேர்த்திருக்கும். எனவே மடல் சேராமைக்கு ஒருவரின் நினைவாற்றல் பாதிக் காரணம் எனில், சாலையின் தேய்வு மறுபாதிக் காரணம் எனலாம். வணிகம் குறையும்போது சரக்கு மட்டுமன்றிச் செய்தியும் எச்சரிக்கையும் நின்றுபோகின்றன என்பதைப் புதினம் இவ்வாறு காட்டுகிறது.

6. அந்நியர் குறித்த ஐயம்

ஃப்ரோடோ தங்கும் இரவில் விடுதியின் பொதுக்கூடத்தில் தெற்கிலிருந்து வந்தவர்கள் சிலர் இருக்கின்றனர். அங்குள்ள கலகத்தால் அமைதியான நிலம் தேடிப் பலர் வடக்கு நோக்கி வருவதாக அவர்கள் கூறுகின்றனர். பிரீ மக்கள் அவர்களுக்காக இரங்குகின்றனர். ஆயின் தம் சிறுநிலத்தில் பெருந்தொகையினரை ஏற்க அவர்களுக்கு விருப்பமில்லை. அந்நியரின் வருகையால் வாழும் ஊர், அந்நியர் தங்க வருவதை அஞ்சுகிறது. வழிப்போக்கர் வருவாய் தருபவர். குடியேற வருபவரோ நிலத்தில் பங்கு கேட்பவர். இவ்வேறுபாடு எல்லா வணிக ஊர்களுக்கும் பொதுவானது.

இவ்வச்சத்தை வெறும் குறுமனம் என்று தள்ளிவிடவும் புதினம் இடம் தருவதில்லை. வந்தவர்களுள் சாய்ந்த பார்வையுடைய ஒருவன், வருபவர்க்கு இடம் தராவிடில் அவர்களே எடுத்துக்கொள்வர் என்னும் பொருள்படப் பேசுகிறான். அவன் பகைவரின் ஒற்றன். டோல்கீனின் மறைவுக்குப்பின் 1980இல் வெளியான ‘அன்ஃபினிஷ்டு டேல்ஸ்’ நூலில், சாருமானுக்காக ஷயருடன் வாணிகத் தொடர்பு வைத்திருந்த முகவனாக அவன் சுட்டப்படுகிறான். வணிகனும் ஒற்றனும் ஒரே சாலையில், ஒரே உடையில் வருகின்றனர் என்பதே எல்லைப்புற ஊரின் இடர்.

அவ்வூர் தன் நண்பரையும் அடையாளம் காணவில்லை. ரேஞ்சர்கள் எனப்படும் நாடோடிகள் எப்போதாவது விடுதிக்கு வருவர். அவர்கள் சொல்லும் தொலைநாட்டுச் செய்திகளையும் மறந்துபோன கதைகளையும் ஊரார் ஆவலுடன் கேட்பர். ஆனால் அவர்களோடு நட்புக் கொள்வதில்லை. அவர்களுள் ஒருவனுக்கு, அவன் நீண்ட கால்களையும் விரைந்த நடையையும் கண்டு, ‘ஸ்ட்ரைடர்’ என்று பட்டப்பெயர் இட்டுள்ளனர். அவனோடு சேரவேண்டாம் என்று பட்டர்பரே ஃப்ரோடோவை எச்சரிக்கிறார். உள்ளூர்க்காரனாகிய ஃபெர்னியும் வாயிற்காவலனாகிய ஹாரி கோட்லீஃபும் பகைவர்க்குத் துணைபோகின்றனர். வெளியாளாகிய ஸ்ட்ரைடர் காக்கிறான். வேலிக்கு உள்ளே இருப்பவர் நல்லவர், வெளியே இருப்பவர் தீயவர் என்னும் கணக்கு பிரீயில் பொய்க்கிறது.

7. அறியப்படாத காவல்

ஸ்ட்ரைடர் என்பவன் அழிந்த வட அரசின் வழித்தோன்றலாகிய அரகோர்ன் என்பது பின்னர் வெளிப்படுகிறது. ரேஞ்சர்கள் அவ்வரசின் எஞ்சிய குடியினர். எல்ரோண்டின் அவையில் அரகோர்ன் பேசும்போது பிரீயின் விடுதிக்காரரை மறைமுகமாகக் குறிப்பிடுகிறான். ஒருநாள் நடைத் தொலைவில் அவர் குருதியை உறையச் செய்யும் பகைவர் இருக்கின்றனர் என்பதும், இடையறாக் காவல் இல்லையேல் அவர் ஊர் பாழாகும் என்பதும் அவன் உரையின் கருத்து. எளியோர் அச்சமின்றி எளியோராகவே வாழவேண்டுமெனில் காப்போர் மறைவாக இருத்தல் வேண்டும் என்பது அவன் ஏற்றுக்கொண்ட கடமை.

டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் 1988இல் பதிப்பித்த ‘த ரிட்டர்ன் ஆஃப் த ஷேடோ’ தொகுதியில் உள்ள தொடக்க வரைவுகளை ஒப்பிட்டால் இக்கருத்து எவ்வாறு உருவாயிற்று என்பது தெளிவாகிறது. முதல் வரைவில் விடுதியில் காணப்படும் அந்நியன், மரக்காலணி அணிந்த ‘ட்ராட்டர்’ என்னும் ஹாபிட். அவன் மனிதனாகவும் அரசமரபினனாகவும் மாற்றப்பட்டபோது விடுதிச் சந்திப்பின் பொருளும் மாறியது. விடுதியின் மூலையில் அமர்ந்திருந்த விந்தை மனிதன், அவ்வூரைக் காக்கும் அரசனானான்.

இக்காவலில் ஒரு சிக்கல் உண்டு. மறைவான காவல், காக்கப்படுவோரை அறியாமையில் வைக்கிறது. விலையைக் காணாதவர் அதனை மதிக்கவும் இயலாது. பிரீ மக்களின் நன்றியின்மைக்குக் காவலரின் மறைவும் ஒரு காரணம் என்பதால், குற்றத்தை ஒருசார் மட்டும் சுமத்த முடிவதில்லை. இக்கேள்வியைப் புதினம் எளிதில் தீர்த்துவிடாமல் இரண்டாம் வருகை வரை கொண்டுசெல்கிறது.

8. மீள்வருகை: வணிகத்தின் வீழ்ச்சி

3019 அக்டோபர் இறுதியில் ஃப்ரோடோ குழுவினர் பிரீக்குத் திரும்பும்போது கதவுகள் பூட்டியிருக்கின்றன. விடுதியில் பழைய கூட்டம் இல்லை. பணியாளன் பாப் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறான். வெளியிலிருந்து எவரும் வருவதில்லை என்றும், உள்ளூர்க்காரரும் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்றும் பட்டர்பர் வருந்துகிறார். புத்தாண்டுக்குப் பின் நடந்த மோதலில் மூன்று மனிதரும் இரண்டு ஹாபிட்டுகளும் கொல்லப்பட்டுள்ளனர். பெரும்போர்களில் எண்ணற்றோர் மடியும் புதினத்தில், இவ்வைவரின் இறப்பு பெயர்களோடு சொல்லப்படுகிறது. சிற்றூரில் இறப்பு எண்ணிக்கையாவதில்லை. இன்னார் வீட்டு இன்னார் என்றே நினைக்கப்படுகிறது.

சுங்கான் இலைக்கும் தட்டுப்பாடு. உள்ளூர் விளைச்சல் போதவில்லை. ஷயரிலிருந்து எதுவும் வருவதில்லை என்கிறார் பட்டர்பர். இதற்கான விடை முன்னரே கதையில் வைக்கப்பட்டுள்ளது. தெற்கே சாருமானின் ஐசன்கார்ட் கோட்டையில் மெரியும் பிப்பினும் ஹார்ன்பிளோவர் முத்திரை பொறித்த ஷயர் இலைப் பீப்பாய்களைக் கண்டெடுத்திருந்தனர். அருகிலுள்ள பிரீக்கு வராத சரக்கு, தொலைவிலுள்ள பகைவனின் கிடங்குக்குச் சென்றிருக்கிறது. போரால் வணிகம் முற்றிலும் நின்றுவிடவில்லை. அதன் திசை மாற்றப்பட்டது. அன்று வேடிக்கைபோல் தோன்றிய இரு பீப்பாய்கள், பட்டர்பரின் குறையைக் கேட்டபின் வேறு பொருள் பெறுகின்றன.

இந்நிலையில்தான் ரேஞ்சர்கள் தமக்காகச் செய்துவந்தது என்னவென்று தம் ஊரார் அதுவரை உணரவில்லை என்பதைப் பட்டர்பர் ஒப்புக்கொள்கிறார். தென்புலப் போருக்காக ரேஞ்சர்கள் நீங்கியதும் கொள்ளையர் வந்தனர். காவல் இருந்தபோது புலப்படாத அதன் பயன், இல்லாதபோது புலப்பட்டது.

ஆயினும் பட்டர்பர் முற்றிலும் மாறிவிடவில்லை. அரசர் வந்துவிட்டார், பசும்பாதை மீண்டும் திறக்கும், வடக்கே குடியிருப்புகள் எழும் என்று காண்டால்ஃப் சொல்லும்போது, வணிகத்துக்கு அது நல்லதே, பிரீயைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும் என்பதே அவர் மறுமொழி. அந்த அரசன் தம் விடுதியின் மூலையில் அமர்ந்திருந்த ஸ்ட்ரைடர்தான் என்று அறிந்ததும் திகைக்கிறார். நகைச்சுவையாக அமைந்த இக்காட்சியில் கூர்மையான உண்மை உள்ளது. சாலை திறக்கவேண்டும், ஆனால் கூட்டம் வரக்கூடாது; காவல் வேண்டும், ஆனால் ஆட்சி கூடாது. எல்லைப்புற ஊரின் இவ்விருமன நிலையை டோல்கீன் கண்டிக்கவில்லை; அவ்வாறே பதிவு செய்கிறார்.

9. திரைவடிவில் பிரீ

பீட்டர் ஜாக்சன் இயக்கிய திரைப்படத்தின் முதற்பகுதி 2001இல் வெளிவந்தது. அதில் பிரீ, மழை கொட்டும் இரவில், சேறும் அச்சமும் நிறைந்த ஊராகக் காட்டப்படுகிறது. துரத்தப்படும் ஹாபிட்டுகளின் பதற்றத்தை உணர்த்த இம்மாற்றம் துணைசெய்கிறது. ஆயின் வயல்களும் வேளாண்குடிகளும் இருவகை மக்களின் கூட்டுவாழ்வும் பின்தள்ளப்படுகின்றன. 2003இல் வந்த இறுதிப்பகுதியில் பிரீக்குத் திரும்பும் நிகழ்வே இல்லை.

முதல் வருகை மட்டும் எஞ்சும்போது பிரீ வெறும் தங்குமிடமாகிவிடுகிறது. காக்கும் அரசன் யார் என்பது திரைப்படத்தில் தெரிகிறது. அவனால் காக்கப்பட்ட ஊர் அதனை எவ்வாறு உணர்ந்தது என்பது தெரிவதில்லை.

முடிவுரை

பிரீயின் நூறு வீடுகள், புல் முளைத்த சாலை, அளவுக்கு மீறிய விடுதி, 12 வெள்ளிக்காசு மட்டக்குதிரை, வராத இலை ஆகியன தனித்தனியே சிறு விவரங்கள். ஒன்றாகக் காணும்போது, சாலையால் வாழும் வேளாண் ஊர் ஒன்றின் வளமும் தேய்வும் அவற்றில் புலப்படுகின்றன. சாலையின் தேய்வால் மடல் சேரவில்லை. மடல் சேராததால் கதை இடர்ப்பாதையில் சென்றது. காவலர் நீங்கியதால் ஐவர் இறந்தனர். அதன்பின்னரே ஊர் தன் காவலரை அறிந்தது.

தன் வேலியும் தன் உழைப்புமே தன் அமைதிக்குக் காரணம் என்று நம்பிய ஊர், அந்த அமைதிக்காகப் பிறர் கொடுத்த விலையைக் காலந்தாழ்த்தி அறிகிறது. அறிந்தபின்னும் அது பழைய பிரீயாகவே இருக்க விரும்புகிறது. மிகுபுனைவில் ஊர்களைப் படைப்போரும் ஆராய்வோரும் வீரன் வந்துசென்ற இரவோடு நின்றுவிடாமல், அவன் சென்றபின் அவ்வூரின் வயலும் சாலையும் விடுதியும் என்னவாயின என்று கேட்பது பயனுடையது. அக்கேள்விக்கு விடை சொல்ல வல்ல ஊரே வாசகரின் நம்பிக்கையைப் பெறுகிறது என்பதற்குப் பிரீ தக்க சான்றாகும்.